கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு கை மேலே போகவில்லை, அக்குபஞ்சர் போகலாமா?

ஏற்காட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 58 வயது, காபி எஸ்டேட்டில் வேலை. இடது கன்னத்தில் புற்றுநோய் வந்து 7 மாதத்துக்கு முன் ஆபரேஷன், கூடவே கழுத்தில் இருந்த நெறிகளையும் எடுத்தார்கள், கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்து முடித்து 4 மாதம் ஆகிறது. வாய் ஆறிவிட்டது, சாப்பிடுகிறார். ஆனால் இடது கை தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை, ராத்திரி வலியில் தூக்கம் இல்லை. சேலத்தில் ஒரு அக்குபஞ்சர் சென்டரில் 10 முறை வந்தால் முழுசாகச் சரியாகிவிடும் என்கிறார்கள், போகலாமா என்பது உங்கள் கேள்வி.

போகலாம். வலி குறைய நல்ல வாய்ப்பு இருக்கிறது. கை தூக்குவது வேறு கதை, அதை ஊசி மட்டும் செய்துவிடாது. முழுசாகச் சரியாகும் என்று சொன்னவர் அப்பாவின் சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள். பார்க்காமல் சொல்லியிருந்தால் அந்த வாக்குக்கு மதிப்பில்லை.

நான் சேலத்தில் இருபது வருடத்துக்கு மேலாக பிசியோதெரபி பார்க்கிறவன். இந்தப் பக்கத்தில் வெற்றிலை, புகையிலை, ஹான்ஸ் பழக்கம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், அதனால் வாய்ப் புற்றுநோய்க்குக் கழுத்தை ஆபரேஷன் செய்துகொண்டு தோளைப் பிடித்தபடி வருகிறவர்கள் எனக்குப் புதிதில்லை. வருகிற எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கட்டி கழுத்துலதானே இருந்துச்சு, கையை ஏன் சார் கெடுத்தாங்க?"

யாரும் கெடுக்கவில்லை. மூளையிலிருந்து நேரே வருகிற 12 ஜோடி நரம்புகளில் 11-ஆவது, அக்சஸரி நரம்பு என்பார்கள், கழுத்தின் பக்கவாட்டில் நெறிகள் இருக்கிற அதே கொழுப்புக்குள் புகுந்து தோளுக்குப் போகிறது. பிடரியில் தொடங்கி நடுமுதுகு வரை விரிந்திருக்கும் ட்ரெப்பீசியஸ் என்ற பெரிய தசையை இயக்குவது அதுதான். 1906-இல் ஜார்ஜ் க்ரைல் என்ற அமெரிக்க சர்ஜன் இந்த ஆபரேஷனை முறைப்படுத்தி எழுதியபோது நெறிகளோடு இந்த நரம்பு, கழுத்தின் பெரிய சிரை, பக்கவாட்டுத் தசை எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்தார்கள், ஏனென்றால் அன்றைக்கு உயிர் பிழைத்தால் போதும் என்ற நிலை. பிழைத்தவர்களின் தோள் இப்படித் தொங்குவது பெரிய விஷயமாகத் தெரிய ஆரம்பித்தது ரொம்பப் பின்னால், 1950-களில்தான். இப்போது முடிந்த இடத்திலெல்லாம் நரம்பைக் காப்பாற்றிவிடுகிறார்கள். ஆனால் காப்பாற்றுவது என்றாலும் அதை விலக்கிப் பிடித்து, இழுத்து, அதற்கு அடியில் இருக்கிற நெறியை எடுக்க வேண்டும். அந்த இழுப்பிலேயே நரம்பு மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கும்.

ட்ரெப்பீசியஸ் போனால் கை ஏன் போகிறது? கையைப் பக்கவாட்டில் தூக்கித் தலைக்கு மேல் கொண்டுபோனால் மொத்தம் 180 பாகை. அதில் சுமார் 120 தான் தோள் மூட்டு தருவது. மீதி 60 முதுகில் இருக்கிற முக்கோணத் தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் சுழன்று தருவது, சுழற்றுவதில் பெரிய பங்கு ட்ரெப்பீசியஸுக்கு. உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் மிளகு பறிக்க ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்க்கிறோம், மரமே ஆடினால் ஏணி நல்லதாக இருந்து என்ன பயன்? அப்பாவின் கை ஏணி, தோள்பட்டை எலும்பு மரம். மரத்தை இழுத்துக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்துவிட்டது. கையின் முழு எடையும் இப்போது பக்கத்திலிருக்கிற சின்னத் தசைகளின் மேல் தொங்குகிறது, அவை இராப்பகலாக இழுத்துப் பிடித்து இறுகிப்போய் வலிக்கின்றன. "தோள்ல கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு" என்று ஒரு பெரியவர் சொன்னார். இதைவிடச் சரியாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இப்போது வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். அப்பாவைச் சட்டையில்லாமல் பின்பக்கமாக நிற்கச் சொல்லுங்கள். இடது தோள் சரிந்திருக்கிறதா, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே சதை வற்றிப் பள்ளமாக இருக்கிறதா, தோள்பட்டை எலும்பு முதுகுத்தண்டை விட்டு வெளியே நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னால் தோள் உயரத்தோடு நிற்கும். இதுவரை உங்களுக்கே தெரியும். அடுத்ததுதான் முக்கியம்: மல்லாந்து படுக்கவைத்து, வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தலைக்கு மேல் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஓரளவு போய்விட்டால் மூட்டு நன்றாக இருக்கிறது, இயக்குகிற தசைதான் தூங்குகிறது. படுத்தும் போகவில்லை, முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பினாலும் முட்டி நிற்கிறது என்றால் மூட்டின் உறையே இறுகிவிட்டது, சர்க்கரைக்காரர்களுக்கு வருகிற ஃப்ரோசன் ஷோல்டர் மாதிரி. வலிக்குப் பயந்து ஐந்தாறு மாதம் கையை அசைக்காமல் வைத்திருந்தால் இது வந்து சேரும். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

இன்னொன்று, டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள். கழுத்து ஆபரேஷன் பற்றிய வரியில் 11-ஆவது நரம்பு காப்பாற்றப்பட்டதா, எடுக்கப்பட்டதா என்று எழுதியிருப்பார்கள். இல்லையென்றால் அடுத்த செக்கப்பில் சர்ஜனிடமே கேளுங்கள், சொல்லுவார், கேட்கிறவர்கள்தான் குறைவு. இழுபட்ட நரம்பு என்றால் 6 மாதத்திலிருந்து ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பும். அடிபட்ட நரம்பு வளர்வது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், அதனால் 7 மாதத்தில் அசைவில்லை என்பதற்காகக் கைவிட வேண்டியதில்லை. எடுத்துவிட்டார்கள் என்றால் பழைய பலம் திரும்பாது. அப்படிப்பட்டவர்களிலும் சிலருக்குக் கழுத்துத் தண்டிலிருந்து வருகிற வேறு நரம்புக் கிளை ட்ரெப்பீசியஸுக்குக் கொஞ்சம் உயிர் கொடுக்கும், மற்ற தசைகளைப் பழக்கி வேலையை ஒப்பேற்றவும் முடியும்.

சரி, ஊசிக்கு வருவோம்.

இந்தப் பிரச்சினைக்கென்றே ஒரு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் என்ற புற்றுநோய் மருத்துவமனையில் டேவிட் ஃபிஸ்டர் குழுவினர் செய்து 2010-இல் வெளியிட்டார்கள். கழுத்து நெறி ஆபரேஷனுக்குப் பிறகு தோள் வலியோடு இருந்த 58 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 28 பேருக்கு வாரம் ஒரு முறை என்று 4 வாரம் அக்குபஞ்சர், மீதி 30 பேருக்கு பிசியோ, வலி மாத்திரை என்று வழக்கமான கவனிப்பு. தோளை 100-க்கு மதிப்பெண் போட்டு அளக்கும் ஒரு முறை உண்டு: வலிக்கு 15, அன்றாட வேலைக்கு 20, அசைவுக்கு 40, பலத்துக்கு 25. ஊசி போட்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 11 மதிப்பெண் கூடுதலாக முன்னேறினார்கள். வாய் வறட்சியும் அவர்களுக்குக் குறைந்தது, கரண்ட் வைத்த அப்பாவுக்கு இது ஒரு உபரி லாபமாக அமையலாம்.

11 மதிப்பெண் என்பது சும்மா இல்லை. ராத்திரி தூங்குவதற்கும் தூங்காததற்கும் உள்ள வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் 100-இல் 11 தான் என்பதையும் பாருங்கள், அந்த சென்டர்காரர் சொன்ன "முழுசாக" இதில் எங்கும் இல்லை. இன்னொரு குறையும் உண்டு. அந்த ஆய்வில் பொய் ஊசி, அதாவது போட்ட மாதிரி காட்டிவிட்டுப் போடாமல் விடுவது, வைத்து ஒப்பிடவில்லை. ஆகவே எவ்வளவு பலன் ஊசியால், எவ்வளவு பலன் ஒருவர் அரை மணி நேரம் அக்கறையாகக் கவனித்ததால் என்று பிரிக்க முடியாது. நாள்பட்ட வலிக்கு அக்குபஞ்சர் பற்றி நடந்த பெரிய ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 18,000 பேரின் தகவல்களை ஒன்றாகச் சேர்த்து 2012-இல் ஆராய்ந்தபோதும் இதே சித்திரம்தான் தெரிந்தது: ஊசி போடாமல் விட்டதைவிட ஊசி நன்றாகவே மேல், பொய் ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உண்டு, ஆனால் சின்னது. என்னைக் கேட்டால், தூங்காத மனிதன் தூங்கினால் சரி, எந்தப் பங்கு எதனால் என்ற சண்டையை ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் பார்த்த வரையில் நடப்பது இதுதான். பாரம் தாங்கி இறுகிய தசைகள் ஊசிக்குக் கொஞ்சம் தளர்கின்றன, வலி சில நாட்களுக்கு அடங்குகிறது. அந்தச் சில நாட்களில் உடற்பயிற்சி செய்தால் கை முன்னேறும், செய்யாவிட்டால் வலி திரும்பி வந்து அதே இடத்தில் உட்காரும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிற ஒருவர், கையை நெஞ்சுக்கு நேரே நீட்டிப் பிடித்துப் பற்றவைக்க முடியாமல் தொழிலையே விட இருந்தார். வாரம் ஒரு தடவை ஊசி போட்டுக்கொண்டார், மறுநாளே என்னிடம் வந்து, முந்தின வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்த பயிற்சியைச் சாதாரணமாகச் செய்தார். தலைக்கு மேல் கை இன்றுவரை முழுதாகப் போகவில்லை. பட்டறைக்குத் திரும்பிவிட்டார்.

ஆகவே 10 முறைக்கு மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். நாலு தடவை போங்கள். ஒவ்வொரு வாரமும் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார், மல்லாந்து படுத்துக் கை எவ்வளவு தூரம் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாலுக்குப் பிறகும் நோட்டில் மாற்றம் இல்லையென்றால் ஐந்தாவதுக்குப் போக வேண்டாம், பஸ் காசாவது மிஞ்சும்.

யாரிடம் போவது என்பதில்தான் எனக்குக் கவலை. மத்திய சுகாதார அமைச்சகம் 2003-லேயே அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை முறையாக, பதிவுபெற்ற மருத்துவர்களும் முறையாகப் பயிற்சி பெற்றவர்களும் செய்யலாம் என்று அனுமதித்துவிட்டது. ஆனால் நம் ஊரில் தபாலில் டிப்ளமோ வாங்கியவரும் போர்டு மாட்டியிருக்கிறார், ஐந்தரை வருடம் பி.என்.ஒய்.எஸ். படித்த இயற்கை மருத்துவரும் போர்டு மாட்டியிருக்கிறார், வெளியே நின்று பார்த்தால் இரண்டு போர்டும் ஒன்றுதான். அவர் என்ன படித்தார், கழுத்து ஆபரேஷன் ஆனவர்களைப் பார்த்திருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஊசி கவரை உங்கள் கண் முன்னால் கிழிக்க வேண்டும், ஒரு முறை போட்டது குப்பைக்குப் போக வேண்டும்.

அப்பா விஷயத்தில் ஊசி போடுகிறவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தோள் வலி என்றால் எல்லாரும் முதலில் கை வைக்கும் புள்ளி கழுத்துக்கும் தோளுக்கும் நடு மேட்டில் இருக்கிறது. சாதாரண ஆளுக்கு அங்கே கனமான சதை உண்டு. அப்பாவுக்கு அந்த ட்ரெப்பீசியஸ்தான் வற்றிப்போயிருக்கிறது. அதற்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி. வழக்கமான ஆழத்துக்கு ஊசி இறக்கினால் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசியலாம். அரிதுதான், ஆனால் இப்படிப்பட்ட மெலிந்த தோளில் நடக்கக்கூடியது. ஊசி போட்ட அன்றோ மறுநாளோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சில் குத்தினாலோ சென்டருக்கு போன் போட்டுக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் ஆன கழுத்துப் பக்கமும் ஊசி வேண்டாம், பக்கவாட்டுத் தசையை எடுத்திருந்தால் தலைக்குப் போகிற பெரிய தமனி தோலுக்குச் சற்று அடியிலேயே ஓடும், கரண்ட் வைத்த தோல் கீறினால் லேசில் ஆறாது. தாடைக்குக் கீழே காலையில் நீர் கோர்த்து வீங்குகிறதென்றால் அந்த இடமும் கூடாது. கை, கால், தோளின் வெளிப்பக்கம் என்று போட இடம் நிறைய இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறுபடி கீமோ ஏதாவது ஆரம்பித்தால் ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்காமல் ஊசியே வேண்டாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஊசியே இல்லாமல் ஒரு விரலால் தொட்டு எல்லா நோயையும் குணமாக்குவதாகச் சொல்கிறவர்கள். தொடுவதால் கெடுதல் ஒன்றும் வந்துவிடாது. தொட்டுவிட்டு, இனி ஆஸ்பத்திரிக்குப் போகாதே, ஸ்கேன் எடுக்காதே, மாத்திரையை நிறுத்து, வலி என்பது உடம்பு கழிவை வெளியேற்றுவது என்று சொல்வதுதான் கெடுதல். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு அம்மா அப்படி ஒருவர் பேச்சைக் கேட்டு எட்டு மாதம் செக்கப்பை நிறுத்திவிட்டு, கழுத்தில் மறுபடியும் கட்டியோடுதான் திரும்பி வந்தார். அந்த எட்டு மாதத்தில் வலி அதிகமானபோதெல்லாம் அது நல்ல அறிகுறி என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு வலி திடீரென்று கூடினாலோ, புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ, கை மரத்துப்போய் விரல் பலம் குறைந்தாலோ அக்குபஞ்சர், பிசியோ இரண்டையும் நிறுத்திவிட்டு முதலில் சர்ஜனிடம் போங்கள்.

பயிற்சிக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் காட்டலாம், காசு செலவில்லை. தினமும் மலை இறங்க முடியாது என்பதால் வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் ஒரு கம்பைப் பிடித்து, நல்ல கையின் பலத்தில் தலைக்கு மேல் கொண்டுபோய் இறக்குவது, 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. அதே கம்பால் முழங்கையை இடுப்பை விட்டு விலக்காமல் முன்கையை வெளிப்பக்கம் தள்ளுவது. உட்கார்ந்தபடி இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் முதுகுக்கு நடுவே ஒரு பென்சிலை இடுக்கிப் பிடிப்பது போல நெருக்கி, ஐந்து எண்ணி விடுவது. ட்ரெப்பீசியஸ் தூங்கினாலும் அதற்கு அடியில் இருக்கும் தசைகள் இதைக் கற்றுக்கொள்ளும். வலி அடங்கியபின் ரப்பர் பட்டை வைத்துப் படிப்படியாகப் பலம் ஏற்ற வேண்டும். கனடாவில் இதே மாதிரி ஆபரேஷன் ஆன 52 பேருக்கு 12 வாரம் செய்து பார்த்து 2008-இல் எழுதியிருக்கிறார்கள், சாதாரணப் பயிற்சி செய்தவர்களைவிட எடை ஏற்றிப் பழகியவர்களுக்கு வலியும் குறைந்தது, பலமும் கூடியது. ஆனால் எடுத்தவுடன் எடை வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் நான் அவசரப்பட்டு ஒருவருக்குக் கப்பி கட்டிக் கயிற்றால் கையை மேலே இழுக்கவைத்தேன், தோள்பட்டை எலும்பு சுழலாமல் கை மட்டும் மேலே போனதால் உள்ளே நசுங்கி, இருந்த வலி இரண்டு மடங்கானது. அவர் திரும்ப வரவே இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் வந்திருக்கமாட்டேன்.

கையைத் தொங்கவிடாதீர்கள், இது பயிற்சிக்கு இணையானது. உட்காரும்போது முன்கைக்கு அடியில் ஒரு தலையணை, நடக்கும்போது கை சட்டைப் பையிலோ இடுப்பிலோ. நாள் முழுக்கத் துண்டில் கட்டித் தொங்கவிட்டால் மூட்டு இறுகிவிடும், தூரம் நடக்கும்போது மட்டும் கட்டுங்கள். சேலம் வருகிற நாளில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்வரை காத்திருந்து வாருங்கள், 20 கொண்டை ஊசி வளைவிலும் நின்றுகொண்டு தொங்குகிற தோள் குலுங்கினால் ஊசி போட்ட பலன் திரும்பிப் போகும்போதே காணாமல் போய்விடும். மடியில் பையை வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொள்ளட்டும்.

ஏற்காட்டுக் குளிருக்கு வலி கூடும், உடனே சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கத் தோன்றும். இந்த ஆபரேஷனில் காது மடல், கழுத்து, காரை எலும்பு வரை தோலின் உணர்வு நரம்புகளும் போயிருக்கும். சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தோளின் பின்பக்கம் மட்டும், அதுவும் உங்கள் கையில் வைத்துப் பார்த்த சூட்டில் கொடுங்கள். எண்ணெய் போட்டுக் கழுத்தை நீவிவிடுவது, சுளுக்கு எடுப்பது, கையைப் பிடித்து ஒரு இழு இழுப்பது எதுவும் வேண்டாம், இது சுளுக்கே இல்லை.

கடைசியில் கேட்டிருந்தீர்கள், அப்பா எப்போது வேலைக்குப் போகலாம் என்று. நெஞ்சு உயரச் செடியில் காபி பறிப்பது, களத்தில் உட்கார்ந்து தரம் பிரிப்பது போன்றவற்றை வலி அடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கலாம். மூட்டை தூக்குவது இடது தோளுக்கு இனி வேண்டாம். மிளகு ஏணி மட்டும் இந்த வருடம் கிடையாது என்று மேஸ்திரியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், ஒற்றைக் கையை நம்பி அந்த உயரத்தில் நிற்கக்கூடாது. படுத்துச் செய்த சோதனையில் கை எவ்வளவு போனது, சம்மரியில் நரம்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, இரண்டையும் எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசலாம்.